பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் ஏற்ற செயலி, சாதன வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் செயலியோ இணையதளமோ செய்கிறவர்களுக்கும் வீட்டுச் சாதனங்களை வடிவமைப்பவர்களுக்குமான பக்கம் இது. பார்வையில்லாத ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல் பணம் அனுப்ப முடிகிறதா, அடுப்பை அணைக்க முடிகிறதா, மாத்திரைப் பெட்டியை அடையாளம் காண முடிகிறதா என்பதே இங்கே அளவுகோல்.

பார்வையற்றவருக்கும் குறைபார்வை உள்ளவருக்கும் ஒரே வடிவமைப்பு போதுமா?

போதாது. பார்வை அறவே இல்லாதவர் காதாலும் விரலாலும் வேலை செய்கிறார். குறைபார்வை உள்ளவர் மிச்சமிருக்கும் பார்வையை முடிந்தவரை பயன்படுத்துவார், கண் சோர்ந்தால் குரலுக்கு மாறுவார். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் இரண்டில் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்கு (மற்றவர் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரில் காணும் அளவு) கீழே இருந்தாலோ, பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்கு அகப்படும் பரப்பு, 10 பாகைக்குள் சுருங்கியிருந்தாலோ அது பார்வையின்மை. 6/18-க்கும் 3/60-க்கும் இடைப்பட்டதும், பார்வைப் புலம் 40 பாகைக்கும் 10 பாகைக்கும் இடைப்பட்டதும் குறைபார்வை.

குறைபார்வையிலேயே பல வகை உண்டு. கிளாக்கோமாவிலும் விழித்திரை நிறமிச் சிதைவிலும் ஓரப் பார்வை போய்விடும்; குழாய் வழியே பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் தெரியும். அப்படிப்பட்டவருக்கு எழுத்தை ஏகத்துக்குப் பெரிதாக்கினால் ஒரு சொல்கூடப் பார்வைக்குள் அடங்காது. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா சிதைந்தால் இதற்கு நேர்மாறு: நடுவில் மறைப்பு, ஓரம் தெரியும், பெரிய எழுத்து கட்டாயம் வேண்டும். கண்புரை உள்ளவருக்கு வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே ‘பெரிய எழுத்து’ என்று ஒரே ஒரு சுவிட்ச் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எழுத்தளவு, நிறம், குரல் மூன்றையும் பயனர் தன் போனில் ஏற்கெனவே அமைத்து வைத்திருப்பார். அந்த அமைப்பை உங்கள் செயலி மதித்தாலே பாதி வேலை முடிந்தது.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு வேலையிலிருந்து. மின்கட்டணம் கட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நுழைவதிலிருந்து ரசீது வருவது வரை அதைத் திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளோடு, செய்து பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) பகுதியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கும். அதை இயக்குவதற்கு முன்பே, ஒலியளவுப் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் குறுக்குவழியை அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அணைக்கத் தெரியாமல் திண்டாட நேரும். வலப்பக்கம் விரலைத் தள்ளினால் அடுத்த உறுப்பு, இருமுறை தட்டினால் அழுத்தியதாகக் கணக்கு. ஐபோனில் வாய்ஸ்ஓவரும் இதே முறைதான். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போதும். அதில் ‘எச்’ விசை தலைப்புக்குத் தலைப்பு தாவும், ‘பி’ விசை பட்டனுக்குப் பட்டன் தாவும். ‘எச்’ அழுத்தியதும் தலைப்பே இல்லை என்று சொன்னால், உங்கள் பக்கம் காதுக்கு ஒரே நீளச் சுவராகத்தான் இருக்கிறது.

முதல் சுற்றைத் திரையைப் பார்த்தபடி செய்யுங்கள். இரண்டாவது சுற்றில் திரையை இருட்டாக்கிவிடுங்கள்: வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மும்முறை தட்ட வேண்டும், டாக்பேக்கில் அதன் மெனுவிலேயே திரையை மறைக்கும் வசதி உண்டு. சிக்கிய இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் திரை, காதில் விழுந்தது என்ன, விழுந்திருக்க வேண்டியது என்ன. இந்த மூன்றும் இருந்தால்தான் நிரலாளரால் திருத்த முடியும். ‘டாக்பேக் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவருக்கு எதுவும் புரியாது.

பட்டன்களுக்கும் ஐகான்களுக்கும் பெயர் வைப்பது எப்படி?

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. கண்ணுக்குத் தெரியும் ஐகானுக்குள் பெயர் எழுதப்படாவிட்டால், திரைவாசிப்பான் ‘பெயரிடப்படாத பட்டன்’ என்று சொல்லி நின்றுவிடும். எழுத வேண்டிய இடம் ஆண்ட்ராய்டில் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ஐஓஎஸ்ஸில் ஆக்சசிபிலிட்டி லேபிள், ஃபிளட்டரில் செமான்டிக்ஸ், இணையத்தில் பட்டனுக்குள் உள்ள எழுத்து. எழுத்து வைக்க இடமே இல்லாதபோது மட்டும் ஏரியா லேபிள் (aria-label).

பெயர் என்பது அந்தப் பட்டன் செய்யும் வேலை; அதன் தோற்றம் பெயராகாது. ‘பூதக்கண்ணாடி’ என்று எழுதாதீர்கள், ‘தேடு’ என்று எழுதுங்கள். ‘தேடு பட்டன்’ என்றும் வேண்டாம். அது பட்டன் என்பதைத் திரைவாசிப்பான் தானே சொல்லும். நீங்களும் சொன்னால் ‘தேடு பட்டன், பட்டன்’ என்று இரண்டு முறை விழும். ஒரு சுவிட்ச் இயங்குகிறதா இல்லையா என்பதைப் பெயருக்குள் திணிக்காமல் ‘நிலை’ (ஸ்டேட்) என்ற தனிப் பண்பாகத் தெரிவியுங்கள். பெயருக்குள் எழுதினால், நிலை மாறிய பிறகும் பழைய பெயரையே வாசித்துக்கொண்டிருக்கும்.

வாங்கும் கூடையில் 12 பொருள் இருந்து, ஒவ்வொன்றின் அருகிலும் ‘நீக்கு’ மட்டும் இருந்தால் எதை நீக்குகிறோம் என்று தெரியாது. ‘தக்காளி 1 கிலோ, நீக்கு’ என்று இருக்க வேண்டும். அடையாளம் காட்டும் சொல் முன்னால் வருவது முக்கியம். பழகிய பயனர்கள் குரலை மிக வேகமாக ஓடவிட்டு, முதல் அசை கேட்டதுமே அடுத்ததற்குத் தாவுகிறார்கள். ‘நீக்கு, தக்காளி’ என்றால் 12 முறையும் ‘நீக்கு’ என்பதைக் கேட்டுக் காத்திருக்க நேரும்.

இன்னொன்று, தள்ளல்களின் எண்ணிக்கை. ஒரு பொருள் அட்டையில் படம், பெயர், விலை, நட்சத்திர மதிப்பீடு, இதயக் குறி என ஐந்து உறுப்புகள் இருந்து, பட்டியலில் 30 பொருள் இருந்தால் கடைசிப் பொருளுக்குப் போக 150 முறை விரலைத் தள்ள வேண்டும். அட்டை முழுவதையும் ஒரே உறுப்பாகச் சேர்த்தால் 30. ஆனால் சேர்க்கும்போது இதயக் குறி உள்ளே விழுங்கப்பட்டு, அதை அழுத்தவே முடியாமல் போய்விடும். சேர்த்த பிறகு எல்லோரும் மறக்கும் இடம் இது. இதயக் குறியைத் தனிச்செயலாகப் பதிந்தால் திரைவாசிப்பானின் செயல் மெனுவில் வந்துவிடும்.

தமிழ் எழுத்தைத் திரைவாசிப்பான் ஏன் வாசிக்காமல் விடுகிறது, அல்லது உளறுகிறது?

பெரும்பாலும் மொழிக் குறிதான் காரணம். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் (lang) பண்பில் ஆங்கிலம் என்று இருந்தால், தமிழ் எழுத்துகள் ஆங்கிலக் குரலுக்குப் போகும். அது மௌனமாகத் தாண்டிவிடும் அல்லது எழுத்தெழுத்தாக ஏதோ சொல்லும். பக்கத்தின் வேரில் தமிழுக்கான ‘டிஏ’ குறியை வையுங்கள். நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ‘இஎன்’. கூகுளின் பேச்சுப் பொறியில் தமிழ்க் குரல் உண்டு. என்விடிஏவோடு வரும் இஸ்பீக் என்ஜியும் தமிழ் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், ஆனாலும் வேகத்தைக் கூட்டினாலும் தெளிவு குறையாது என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள்.

அடுத்தது பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற குறியாக்கத்தில் கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரிவது, கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வாசிக்கும். பயனர் பக்கம் இதற்கு மருந்து கிடையாது. உள்ளடக்கத்தை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியே ஆக வேண்டும். பழைய அரசாணைகள், பள்ளி வினாத்தாள்கள், கோயில் மலர்கள் எனப் பெருந்தொகுதி இன்னும் இந்த நிலையில்தான் கிடக்கிறது.

மூன்றாவது, கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். பார்க்கிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை, காதில் மட்டும் முள்ளாகக் குத்தும்:

- துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டுவது. ‘காலை’ என்பது ‘கரலை’ ஆகிவிடும்.
- ‘எ’ என்ற உயிருக்குப் பதில் ‘௭’ என்ற தமிழ் எண். ‘எப்படி’ என்பது ‘ஏழு’ என்று தொடங்கும். ‘க’, ‘௧’ இடையிலும் ‘உ’, ‘௨’ இடையிலும் இதே குழப்பம் உண்டு.
- ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ‘ள’வும். ‘கௌரி’ என்பது ‘கெளரி’ ஆகும், ‘ஔவை’ என்பது ‘ஒளவை’ ஆகும்.

தமிழ் எண் ஒன்று தமிழ் எழுத்தோடு ஒட்டி வரும் இடங்களையும், கெள, வெள, மெள என்று வரும் இடங்களையும் தேடும் சிறு நிரலை எழுதி வெளியீட்டுக்கு முன் ஓட்டினால் பெரும்பாலானவை அகப்படும். ‘வெள்ளம்’, ‘மெள்ள’ போன்ற சரியான சொற்களும் அதில் சிக்கும் என்பதால் தானாக மாற்றவிடாமல் மனிதர் ஒருவர் பார்த்துத் திருத்துவது நல்லது.

ரோமன் எழுத்தில் எழுதிய தமிழையும் அறிவிப்புகளில் தவிர்த்துவிடுங்கள். ஆங்கிலக் குரல் அதைக் கடித்துக் குதறிவிடும்.

எண்கள், தேதி, தொகையை எப்படி எழுதுவது?

தொகைக்குச் சிக்கல் இல்லை. ‘1,25,000’ என்பதைத் தொகையாக வாசிப்பதே சரி. ஓடிபி, கணக்கு எண், கைபேசி எண் ஆகியவைதான் தொல்லை. ஆறு இலக்க ஓடிபியை லட்சக் கணக்கில் வாசித்தால் யாரால் தட்டச்சு செய்ய முடியும்? ஐஓஎஸ்ஸில் ஒவ்வொரு எழுத்தாக உச்சரிக்கும் பண்பும், ஆண்ட்ராய்டில் இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லும் டிடிஎஸ் ஸ்பேன் (TtsSpan) குறியும் இருக்கின்றன. தேதியை ‘03/04’ என்று விடாமல் ‘ஏப்ரல் 3’ என்று எழுதுங்கள்.

படங்களுக்கு மாற்று உரை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

மாற்று உரை என்பது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் எழுத்து; இணையத்தில் அது படத்தின் ‘ஆல்ட்’ பண்பு. அந்தப் படம் அங்கே ஏன் இருக்கிறதோ அதைச் சொல்லும் அளவு இருக்கட்டும். புடவை விற்கும் தளத்தில் ‘புடவை படம்’ என்பது பயனற்றது. ‘மயில்கழுத்து நிறம், இரண்டு விரற்கடை அகலச் சரிகைக் கரை, உடலில் சிறு புட்டா’ என்றால் வாங்குகிறவர் முடிவெடுக்கலாம். அலங்காரப் படத்துக்கு மாற்று உரையைக் காலியாக விடுங்கள். ‘ஆல்ட்’ பண்பையே எழுதாமல் விட்டுவிட்டால் கோப்பின் பெயரை வாசிக்கத் தொடங்கும். எழுத்து நிறைந்த சுவரொட்டியைப் படமாகப் போட்டால் அதிலுள்ள முழுச் செய்தியும் கீழே எழுத்தாக வர வேண்டும்.

நிறமும் எழுத்தளவும் எப்படி இருக்க வேண்டும்?

டபிள்யூசிஏஜி என்ற இணைய உள்ளடக்க அணுகல்தன்மைத் தரத்தின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1, பட்டனின் விளிம்பு, ஐகான் போன்றவற்றுக்கும் 3:1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54 வாங்கித் தேறும். ஒரே படி வெளிறிய #777777 4.48-இல் தோற்கும். வடிவமைப்பாளர்கள் உதவிக் குறிப்புகளுக்கு விரும்பிப் போடும் #999999 வெறும் 2.85.

தமிழுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. மெல்லிய எடையுள்ள எழுத்துருவில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘ன’வும் ‘ன்’னும் ஒன்றாகத் தெரியும், ‘ண’வின் சுழிகள் குழம்பும். ஆங்கிலத்துக்குத் தேர்ந்தெடுத்த அளவிலேயே தமிழையும் விடாமல், ஒன்றிரண்டு பிக்சல் கூட்டி, எடையை நடுத்தரமாக வையுங்கள். வரி உயரம் எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் மேல் வரியின் ‘ழூ’ கீழ் வரியின் புள்ளியோடு மோதும்.

தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைப்பது 48 டிபி (திரை அடர்த்திக்கேற்ப மாறும் அளவலகு), ஆப்பிள் 44 புள்ளி. டபிள்யூசிஏஜி 2.2 கேட்கும் 24 பிக்சல் அடிமட்ட எல்லை மட்டுமே.

எழுத்தைப் பெரிதாக்கினால் வடிவம் உடைந்துவிடுகிறதே?

உயரத்தைக் கட்டிப்போட்டிருப்பீர்கள். ‘உறுதிப்படுத்தவும்’ என்ற ஒரே சொல் 200 சதவீதத்தில் பட்டனை விட்டு வெளியே வழியும். கட்டுப்படுத்தினால் ‘உறுதிப்ப…’ என்று வெட்டுப்படும். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள், இரண்டாம் வரிக்கு மடங்க விடுங்கள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக மாற வழிவிடுங்கள். ‘உறுதி செய்’ என்று சுருக்கினாலும் தவறில்லை. ஆண்ட்ராய்டில் எழுத்தளவை ‘எஸ்பி’ அலகில் கொடுங்கள். ‘டிபி’யில் கொடுத்தால் பயனரின் அமைப்பு செல்லாது. இணையத்தில் 1280 பிக்சல் அகலத் திரையை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். 320 பிக்சலில் பக்கவாட்டில் உருட்ட வேண்டிய தேவை வரக் கூடாது.

திரையை நான்கு மடங்கு பெரிதாக்குகிறவருக்கு ஒரு நேரத்தில் தெரிவது திரையின் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. அதனால் பிழைச் செய்தி அந்தந்தக் கட்டத்தின் அடியிலேயே வர வேண்டும்; கேள்வி இடது ஓரத்திலும் பதில் பட்டன் வலது ஓரத்திலும் இருக்கக் கூடாது.

ஓடிபி, கேப்சா, முகச் சரிபார்ப்பு ஆகியவற்றில் என்ன கவனிக்க வேண்டும்?

நேரம்தான் முதல் எதிரி. 30 நொடிக்குள் செய்தியைத் திறந்து, கேட்டு, நினைவில் வைத்து, திரும்பி வந்து தட்டுவது குரல் வழியே இயலாத காரியம். தானாக நிரம்பும் வசதியைத் தடுக்காதீர்கள், ஒட்டுவதை முடக்காதீர்கள், நேரம் நீட்டிக்க வழி கொடுங்கள். மீதி நேரத்தை நொடிக்கு நொடி வாசிக்கும்படியும் விடாதீர்கள், ஓடிபி எண்ணே காதில் விழாது.

எழுத்துச் சிதைந்த கேப்சா பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஒலிக்கும் மாற்று, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு உதவாது. ரகசிய எண்ணுக்காக நீங்களே வரைந்த விசைப்பலகையில் ஒவ்வொரு எண்ணும் உண்மையான பட்டனாக இருக்கட்டும். வெறும் படமாக இருந்தால் திரைவாசிப்பானுக்கு அங்கே எதுவுமே இல்லை.

முகப் படம் எடுக்கும்போது ‘வட்டத்துக்குள் முகத்தை வைக்கவும்’ என்பது பயனற்ற கட்டளை. ‘போனைச் சற்று மேலே உயர்த்துங்கள்’, ‘இன்னும் தள்ளிப் பிடியுங்கள்’, ‘அப்படியே இருங்கள்’ என்று குரல் வழிநடத்த வேண்டும். கண் சிமிட்டச் சொல்லும் உயிர்ப்புச் சோதனைக்கு மாற்றுவழி கட்டாயம் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பதிப்பு செய்துவிடலாமா?

வேண்டாம். தனிப் பதிப்பு ஆறு மாதத்தில் பின்தங்கிவிடும். புதிய வசதி எதுவும் அதில் வராது. பக்கத்தின் மேல் ஒட்டப்படும் ‘அணுகல்தன்மைக் கருவிப்பட்டை’களும் அப்படித்தான்: எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், ஆனால் பெயரில்லாத பட்டன் பெயரில்லாமலேயே இருக்கும். சில சமயம் பயனரின் திரைவாசிப்பானோடு மோதி, இருப்பதையும் கெடுத்துவிடும்.

வீட்டுச் சாதனங்களில் தொடுதிரையை என்ன செய்வது?

இண்டக்‌ஷன் அடுப்பு நல்ல உதாரணம். வழுவழுப்பான கண்ணாடி, எந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று விரலுக்குத் தெரியாது, தேடும்போதே எதையோ இயக்கிவிடும். உண்மையான பட்டன்கள் இருந்தால் நல்லது. தொடு பலகைதான் என்றால் விசையின் மேல் மேட்டுப்புள்ளி ஒட்டாதீர்கள், பக்கத்தில் வையுங்கள். மேலே வைத்தால் புள்ளியைத் தேடும் விரலே விசையை இயக்கிவிடும். அணைக்கும் விசை மட்டுமாவது ஓரத்தில், தனியாக, குழிவோடு இருக்க வேண்டும்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் திருகு தொடக்கமும் முடிவும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு முனையில் நின்று, ஒவ்வொரு நிலைக்கும் ‘டிக்’ என்று விரலுக்குத் தட்டுப்பட்டு, திருகின் முனையில் மேட்டுக் கோடு இருந்தால், எண்ணியே நிலையை அறியலாம். இதற்குக் கூடுதல் மின்னணு எதுவும் வேண்டாம்.

ஒலியிலும் வேறுபாடு வேண்டும். இயக்கினாலும் அணைத்தாலும் ஒரே ‘பீப்’ என்றால் அடுப்பு எரிகிறதா என்று தெரியாது. இயக்கத்துக்கு ஏறும் ஒலி, அணைப்புக்கு இறங்கும் ஒலி, எல்லையைத் தொட்டால் இரட்டை ஒலி என்று பிரியுங்கள். வயதானவர்களுக்கு உயர் அதிர்வெண் முதலில் கேட்காமல் போகும் என்பதால் 2,500 ஹெர்ட்ஸைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

டப்பா, பாட்டில்களில் பிரெய்ல் போட எவ்வளவு இடம் வேண்டும்?

பிரெய்லில் ஆறு புள்ளிக்கான இடம் ஒரு கட்டம். புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., கட்டத்துக்குக் கட்டம் 6 மி.மீ., வரிக்கு வரி 10 மி.மீ. என்பது பொதுவான அளவு. அழகுக்காக இதைச் சுருக்கினாலோ பெரிதாக்கினாலோ விரலால் வாசிக்க முடியாது.

தமிழ் பயன்படுத்துவது இந்திய மொழிகளுக்கான பொது முறையான பாரதி பிரெய்ல். அதில் மெய்யின் புள்ளிக்குத் தனிக்கட்டம் உண்டு, அது எழுத்துக்கு முன்னால் வரும். உயிர்மெய்யில் அகரம் தவிர மற்ற உயிர்கள் மெய்க்குப் பின் தனிக்கட்டமாக வரும். எனவே ‘உப்பு’ அச்சில் மூன்று எழுத்து, பிரெய்லில் ஐந்து கட்டம், 30 மி.மீ. ‘சர்க்கரை’க்கு எட்டுக் கட்டம், 48 மி.மீ. அச்செழுத்தை எண்ணி இடம் ஒதுக்கினால் கடைசியில் பத்தாது.

தலைகீழாக ஒட்டுவது தொழிற்சாலையில் அடிக்கடி நடக்கும் பிழை. ஒட்டுத்தாளின் வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டால் ஒட்டுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் திசை தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பிரெய்லில் இருப்பது சட்டப்படி கட்டாயம்.

பிரெய்ல் தெரியாதவர்களும் நிறைய பேர், குறிப்பாக வயதான பிறகு பார்வை இழந்தவர்கள். அவர்களுக்கு வடிவமே மொழி. ஜப்பானில் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாக மேடு இருக்கும், கண்டிஷனரில் இருக்காது. தலையில் சோப்புநுரையோடு கண்மூடி நிற்கும் யாருக்கும் அது உதவும்.

தொட்டறியும் குறி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

நம் ரூபாய் நோட்டையே பாருங்கள். புதிய வரிசையில் 100 ரூபாய் 142 மி.மீ. நீளம், 200 ரூபாய் 146 மி.மீ. இந்த 4 மி.மீ. வேறுபாடு இரண்டையும் அருகருகே வைத்து அளந்தால் தெரியும். பேருந்தில் ஒரே ஒரு நோட்டைக் கையில் வாங்கினால் தெரியாது. 100-இல் மேட்டு முக்கோணமும் ஓரத்தில் நான்கு கோடுகளும், 500-இல் வட்டமும் ஐந்து கோடுகளும் உண்டு. புது நோட்டில் விரலுக்கு எட்டும், கை மாற மாறத் தேய்ந்துவிடும். உங்கள் பொருளில் குறியை மை மேட்டால் செய்யாதீர்கள், வார்ப்பிலேயே செய்யுங்கள். ஒப்பிடப் பக்கத்தில் எதுவும் இல்லாதபோதும் தனியாக அடையாளம் தெரிய வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது?

2016 சட்டத்தின் 42-ஆம் பிரிவு மின்னணு ஊடக உள்ளடக்கத்தையும், 43-ஆம் பிரிவு நுகர்பொருள்களையும் பற்றியது. மின்னணுப் பொருள்கள், சேவைகளின் அணுகல்தன்மைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17802. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, வாடிக்கையாளர் சரிபார்ப்பு முறைகளை மாற்றச் சொன்னது. ஐரோப்பாவுக்குச் சேவை விற்பவர்களுக்கு அங்குள்ள அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் பொருந்துகிறது.

பயனர்களோடு சோதனை நடத்துவது எப்படி?

எங்கள் குழுவில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தார் என்பது சோதனை ஆகாது. கண்ணைக் கட்டியவருக்குத் தெரிவது தடுமாற்றம் மட்டுமே. பார்வையற்றவருக்குப் பல வருடப் பழக்கமும் வேகமும் உத்திகளும் உண்டு. ஐந்தாறு பேர் போதும், ஆனால் கலவையாக இருக்கட்டும்: பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பிற்காலத்தில் இழந்தவர், திரையைப் பெரிதாக்கிப் படிப்பவர், தமிழ்க் குரலில் மட்டும் கேட்பவர். பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் போன்ற இடங்கள் வழியே அணுகலாம். நேரத்துக்கும் பயணத்துக்கும் ஊதியம் கொடுங்கள். இது உதவி கேட்பதல்ல, நிபுணரின் வேலை.

அவரவர் சொந்தப் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். குரல் வேகமும் அமைப்புகளும் அதில்தான் இருக்கின்றன. ‘செயலி எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள்; ‘இந்த எண்ணுக்கு 50 ரூபாய் அனுப்புங்கள்’ என்று வேலை கொடுங்கள். திரைவாசிப்பான் பேசும்போது நீங்கள் பேசாதீர்கள், இரண்டும் ஒரே காதில்தான் விழுகின்றன. கையைப் பிடித்துத் திரையில் வைக்காதீர்கள். அவர் சிக்கி நிற்கும் ஒரு நிமிடம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், பொறுத்திருங்கள். அவர் எந்த வழியில் தேடுகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒருமுறை சரிசெய்தால் போதுமா?

அடுத்த வெளியீட்டிலேயே கெடலாம். புதிதாக ஒரு விளம்பரப் பட்டை வந்து கவனத்தைப் பறிக்கும், ஐகான் மாறும்போது பெயர் விட்டுப்போகும். ஐந்து முக்கிய வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் டாக்பேக்கில் ஒருமுறை, வாய்ஸ்ஓவரில் ஒருமுறை, எழுத்தளவு 200 சதவீதத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் பணம் கட்டும் பட்டன் எட்டவில்லை என்றால், செயலி திறந்ததும் மூடிக்கொள்ளும் பிழைக்கு என்ன முன்னுரிமை கொடுப்பீர்களோ அதையே இதற்கும் கொடுத்து வெளியீட்டை நிறுத்துங்கள்.